கருத்துணர்தலும் வினாத்தாளும்

ஆங்கிலத் தேர்வுக்கு மாணவரைப் பயிற்றும் நூல்கள் நம் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. பாகான் செராய் போன்ற சிற்றூரிலும் புத்தகக் கடையின் முன்வரிசை அவற்றுக்கே உரியது. கதைநூல் வேண்டுவார் உள்ளே சென்று தேடவேண்டும். மியூட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்கென எழுதப்பட்டவை அவற்றுள் பல. அந்நூல்களின் வாசிப்புப் பகுதி மாணவனுக்கு எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கற்பிக்காமல் விடுகின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டத்துத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவனுக்குப் பல்கலைக்கழகத் தேர்வில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். அத்தேர்வில் இடறும் பிள்ளையின் இடறல் பெரும்பாலும் நம் வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகின்றது என்பது என் விடை.

மியூட் 1999ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குச் சேர விழைவோர் இதனை எழுதியிருத்தல் வேண்டும். அவர் பெறும் ‘பேண்ட்’ என்னும் தரநிலை, எந்தத் துறைக்குள் அவர் நுழையலாம் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றது. சட்டம், மருத்துவம் போன்ற துறைகள் உயர்ந்த தரநிலையைக் கேட்கின்றன. பால்மரம் வெட்டிய பாட்டியின் பேரப்பிள்ளைக்கு இது ஒரு வாயிற்படி. 2021க்கு முந்திய முறையில் மொத்த மதிப்பெண் 300; அதில் வாசிப்புக்கு மட்டும் 120. 2021இல் வந்த முறையில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் ஒத்த மதிப்புடையன; ஒவ்வொன்றுக்கும் 90. வாசிப்புத்தாளில் 40 வினாக்கள். நேரம் 75 நிமிடம். வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் இல்லை. பகுதியை வாசிக்கும் நேரமும் இதற்குள் அடக்கம்.

இனிப் பயிற்சி நூலுக்கு வருவோம். எதனைத் திறந்தாலும் அமைப்பு ஒன்றே. ஒரு பகுதி, அதன் கீழ் வினாக்கள், மறுபடியும் ஒரு பகுதி, வினாக்கள். கடைசித் தாள்களில் ‘1 பி, 2 ஏ, 3 சி’ என்று விடைகள். மாணவன் பொருத்திப் பார்க்கின்றான். நாற்பதில் இருபத்திரண்டு சரி. மறுவாரம் மற்றொரு தாள். இருபத்து மூன்று சரி. எஞ்சிய பதினேழும் ஏன் தவறாயின? நூல் வாய் திறப்பதில்லை. ஆசிரியரும், பாடவேளை முடிந்துவிட்டமையால், சரியான எழுத்தைக் கூறிவிட்டு அடுத்த தாளுக்குச் செல்கின்றார். காய்ச்சல்காரனின் வாயில் வெப்பமானியை ஆறு முறை வைப்பது போன்றது இது. அளவு தெரியும், காய்ச்சல் தணியாது.

இக்குறை நம் நாட்டுக்கே உரியதன்று. டோலோரஸ் டர்க்கின் என்னும் அமெரிக்க அம்மையார் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் அமர்ந்து, ஆசிரியர் என்ன செய்கின்றார் என்பதை நிமிடக் கணக்காகக் குறித்துவைத்தார். 1978-79இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, 4,469 நிமிடப் பாடத்தில் கருத்துணரும் வழியைக் கற்பிப்பதற்குச் செலவான நேரம் 20 நிமிடம். மிகப் பலமுறை நிகழ்ந்தது வினாக் கேட்டு விடையைச் சரிபார்ப்பதே. சோதிப்பதைக் கற்பிப்பதாக நாம் கருதிக்கொள்கின்றோம் என்பதை இந்த ஓர் எண் காட்டிவிடுகின்றது.

அங்ஙனமாயின் கற்பிக்க வேண்டியதுதான் யாது? 2021க்கு முந்திய மியூட் தாள்களில் ஒருவகை வினா வரும். ஒரு கூற்றைக் கொடுத்து, பகுதியின்படி அது உண்மையா, பொய்யா, அல்லது சொல்லப்படவில்லையா என்று கேட்பர். ஐயெல்ட்ஸ் தேர்வில் இன்றும் இது உண்டு. மாணவர் மிகுதியாகத் தடுமாறுவது இந்த மூன்றாவதில்தான். கருத்துணர்தலின் உயிர்நிலையும் இதுவே என்பது என் எண்ணம். நம் வட்டாரத்தைப் பற்றியே நான்கு வரிகள் எழுதிப் பார்ப்போம்:

கிரியான் மாவட்டத்து நெல்வயல்களுக்கு நீர் தருவதற்காகப் புக்கிட் மேராவில் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. அப்பணி 1906இல் நிறைவெய்தியது. வாய்க்கால்களின் வழியே நீர் வயல்களைச் சென்றடைகின்றது. நீர்த்தேக்கத்தின் ஊடே இருப்புப்பாதையும் செல்கின்றது.

இப்பொழுது மூன்று கூற்றுகள். உழவுத் தொழிலுக்கு உதவவே நீர்த்தேக்கம் எழுந்தது என்பது ஒன்று. ‘உழவு’ என்னும் சொல் பகுதியில் இல்லை. ஆயினும் நெல்வயலுக்கு நீர் என்றபோதே அது பெறப்படுகின்றது. ஆகவே உண்மை. நாட்டின் பழமையான செயற்கை ஏரிகளுள் இது ஒன்று என்பது இரண்டாவது. நம் ஊர்ப்பிள்ளை தயங்காமல் ‘உண்மை’ என்பான். உலகில் அது உண்மைதான். ஆனால் அந்த நான்கு வரிகளில் அது எங்கே இருக்கின்றது? நீர்த்தேக்கம் அமைந்த பிறகே இருப்புப்பாதை வந்தது என்பது மூன்றாவது. பகுதியில் பாதை பின்னால் சொல்லப்பட்டிருப்பதால், காலத்திலும் அது பின்னால் வந்தது என்று மாணவன் தானே முடிவு கட்டிவிடுகின்றான். சொல்லும் முறை வேறு, நிகழ்ந்த முறை வேறு. இரண்டாம், மூன்றாம் கூற்றுகளுக்குரிய விடை ‘சொல்லப்படவில்லை’ என்பதே.

இங்குத் தவறிய பிள்ளைக்கு மூளை இல்லை என்று எவரும் சொல்லார். ஒருவன் தன் அறிவிலிருந்து விடை சொன்னான். மற்றொருவன் வரிசையை ஏதுவாகக் கொண்டான். சொன்னது இது, சொன்னதிலிருந்து பெறப்படுவது இது, நானாகச் சேர்த்துக்கொண்டது இது என்று பிரித்தறியும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. ஐம்பது வினாத்தாள் செய்தாலும் அப்பழக்கம் தானாக வாராது. யாராவது அருகில் இருந்து, ‘எந்த வரி உன்னை அப்படிச் சொல்லச் செய்தது?’ என்று கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

தமிழாசிரியர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரவேண்டிய இடம் இது. இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் எச்சங்கள் பத்தினை எண்ணும்போது, சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் என்று, வெளிப்படச் சொல்லாது விட்டதற்கும் வகை வகுத்தது. நன்னூல் உரைக்குரிய கூறுகள் பதினான்கைத் தொகுத்தபோது, வினாவையும் விடையையும் அவற்றுள் வைத்தது. பரிமேலழகர் உரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் குறளின் சொற்கள் தரும் பொருளை மட்டும் முறைப்படுத்தித் தருகின்றார். காரணம், குறிப்பு, இலக்கணம் யாவும் அதன்பின் தனியே வருகின்றன. இதுவரை திருவள்ளுவர் சொன்னது, இனி நான் விளக்குவது என்னும் எல்லை அங்கே பெரும்பாலும் தெளிவாக இருக்கின்றது. ‘என்றவாறு’, ‘என்பது கருத்து’, ‘என்பது பெறப்பட்டது’ என்று உரையாசிரியர்கள் வெவ்வேறு வாய்பாடுகளை ஆள்வது வெற்று வழக்கமன்று. சொன்னதையும் பெறப்பட்டதையும் அவர்கள் கலக்கவிடவில்லை.

அவர்களும் தவறியதுண்டு. நச்சினார்க்கினியர் நெடும்பாட்டுகளில் தொலைவில் கிடக்கும் சொற்களைப் பெயர்த்துக் கொணர்ந்து மாட்டிப் பொருள் உரைத்ததை, மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறுத்துரைத்தார். நூலாசிரியன் வைத்த இடத்தில் சொல்லை வைத்துப் பொருள் காணவேண்டும் என்பதே அம்மறுப்பின் சாரம். தனக்குத் தோன்றிய விடைக்கு ஏற்பப் பகுதியை வளைக்கும் ஆறாம் படிவ மாணவனுக்கும் அதே மறுப்புப் பொருந்தும்.

இத்தகைய செல்வம் கையிலிருக்க, நம் தமிழ் வகுப்பில் நடப்பது என்ன? குறளைக் கரும்பலகையில் எழுதுகின்றோம். பொருளையும் நாமே எழுதிவிடுகின்றோம். பிள்ளை இரண்டையும் மனனம் செய்கின்றான். உரைநடைப் பகுதியாயின் வினாவிலுள்ள சொல்லைப் பகுதியில் தேடி, அச்சொல் உள்ள வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதினால் மதிப்பெண் கிடைக்கின்றது. பகுதியைப் படிக்காமலே இப்படி விடை எழுதிவிடலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைத்தான் செய்கின்றனர். ஆறாண்டு இப்படிப் பழகியவன் ஆங்கிலத்திலும் அதையே செய்கின்றான். மியூட் வினா அமைப்போரோ, பகுதியிலுள்ள சொல்லையே தவறான விடையில் தூண்டில் புழுவாக மாட்டிவைப்பர். சரியான விடை வேறு சொற்களில் இருக்கும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தொடக்கப்பள்ளியை விட்டு அத்தேர்வின் சுமை நீங்கியது. ஆயினும் பழைய பயிற்சி நூல்களின் பாணி மட்டும் வகுப்பை விட்டு அகலவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘ஐயா, பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லே தெரியவில்லை, பரிமேலழகர் வந்து என்ன செய்வார்?’ நேர்மையான தடைதான். அயல்மொழி வாசிப்பில் உள்ள இடர் வாசிப்பின் இடரா, மொழியின் இடரா என்று 1984இலேயே சார்லஸ் ஆல்டர்சன் என்னும் ஆங்கில அறிஞர் வினவினார். அவரும் அவர்க்குப் பின் ஆய்ந்தோரும் காட்டியது இது: மொழியறிவு ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்வரை, தாய்மொழியில் பெற்ற வாசிப்புத்திறன் முழுமையாக வந்து உதவாது; வரம்பைக் கடந்தபின் உதவும். அவ்வரம்புக்கு ஓர் அளவுகோலும் உண்டு. பிறர் துணையின்றி ஒரு பகுதியைச் செவ்வையாக உணர்வதற்கு அதிலுள்ள சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தெரிந்திருத்தல் வேண்டும் என்று ஹூ, நேஷன் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் கண்டனர். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம்.

இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம். பயிற்சி நூலில் நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றை அடிக்கோடிடச் சொல்லுங்கள். பத்து அடிக்கோடுகள் விழுமாயின், அந்நூல் அம்மாணவனுக்கு வாசிப்புப் பயிற்சி தரவில்லை. ஊகிக்கும் பயிற்சியைத் தருகின்றது. அவனுக்கு வேண்டியது எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நிறையக் கதைகள், வினா ஒன்றும் இல்லாமல். கடையின் உள்வரிசையில் கிடக்கும் அந்த நூல்கள்தாம். ஆகவே தமிழ் வகுப்பு ஆங்கில வகுப்பின் வேலையைச் செய்துவிடும் என்று நான் வாதிடவில்லை. சொல்வளத்தை ஆங்கில வாசிப்பே தரும். அவ்வளம் வந்து சேரும் நாளில் அதனைப் பயன்கொள்ளும் பழக்கம் பிள்ளையிடம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதனைத் தமிழில் தொடங்க எந்த வரம்பும் தடையில்லை.

உலகறிவைப் பற்றியும் ஒரு சொல். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இரு அமெரிக்கர் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவரிடம் கொடுத்தனர். ஆட்டம் அறிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் அறியாத தேர்ந்த வாசகரைவிட நன்றாக உணர்ந்து நினைவில் வைத்திருந்தனர். புக்கிட் மேராவில் இடறச்செய்த அதே முன்னறிவு இங்கே கைகொடுக்கின்றது. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. உணர்வதற்கு முன்னறிவு வேண்டும். விடையளிக்கும்போது அதனை எட்ட நிறுத்தவும் தெரியவேண்டும். அந்த அறிவு எம்மொழி வழியே வந்தது என்று தேர்வுத்தாள் கேட்பதில்லை. நாள்தோறும் தமிழ் நாளிதழை ஊன்றிப் படிக்கும் பிள்ளை, தட்பவெப்ப மாற்றத்தையும் வங்கிக் கடனையும் பற்றிய ஆங்கிலப் பகுதிக்குள் வெறுங்கையோடு நுழைவதில்லை.

வகுப்பில் என்ன செய்யலாம்? 1984இல் பாலின்சார், பிரௌன் என்னும் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். சிறு குழுவில் ஒரு பத்தியைப் படித்தபின், மாணவருள் ஒருவர் ஆசிரியர் இடத்தில் அமர்ந்து, வினா எழுப்பி, சாரம் கூறி, விளங்காததைத் தெளிவித்து, அடுத்து என்ன வரும் என்று முன்னுரைப்பார். அடுத்த பத்திக்கு வேறொருவர். நம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பின்றித் திரும்பி வந்தது போல எனக்கு அது தோன்றிற்று. வகுப்புக்கு ஐந்து, ஆறு பிள்ளைகளே உள்ள தோட்டப்பள்ளிகளை எண்ணி நாம் வருந்துகின்றோம். ஆனால் ஒரே பாடவேளையில் எல்லாரும் அவ்விடத்தில் அமர்ந்து எழ, அவ்வளவு சிறிய வகுப்பே வாய்ப்பானது. முதலில் தமிழ்ப் பத்தி. சில வாரங்களில் எளிய ஆங்கிலப் பத்தி. வினா எழுப்பக் கற்ற பிள்ளை, வினா அமைப்போரின் தந்திரத்தையும் விரைவில் கண்டுகொள்கின்றான்.

வினாவை முதலில் படி, பிறகு பகுதிக்குப் போ என்று வழிகாட்டி நூல்கள் ஒருமுகமாக அறிவுறுத்துகின்றன. குறுந்துணுக்குகளைப் பொருத்தும் இடத்தில் அது தகும். ஆசிரியன் ஒரு கருத்தை நாட்டி, மறுப்பை எழுப்பி, மீண்டும் தன் நிலைக்குத் திரும்பும் நெடுங்கட்டுரையில் அது கேடு செய்யும். நடுவிலுள்ள மறுப்பையே ஆசிரியன் கருத்தாகப் பிடித்துக்கொள்வோர் பலர். நீக்கப்பட்ட வாக்கியங்களை உரிய இடத்தில் பொருத்தும் பகுதியும் அத்தகையதே. அங்கே கைகொடுப்பவை ‘ஹவெவர்’, ‘திஸ்’, ‘சச்’ போன்ற சிறு சொற்கள். ‘ஆயினும்’, ‘அது’, ‘இத்தகைய’ என்பன எதனைச் சுட்டுகின்றன என்று தமிழ்ப் பாடத்தில் விரல்வைத்துக் காட்டப் பழகியவனுக்கு அது கடினமன்று.

பழைய வினாத்தாளை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. நேரக் கணக்குப் பழக, தேர்வுக்கு முந்திய சில வாரங்களில் அது வேண்டும். பயிற்சி நூல் வெளியிடுவோருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விடை எழுத்தின் அருகே பகுதியின் வரி எண்ணையும், ஏனைய விடைகள் ஏன் பொருந்தா என்று ஒரு தொடரையும் அச்சிடுக. நூலில் சில பக்கங்கள் கூடும். விலை ஓரிரு வெள்ளி ஏறலாம். அது வரும்வரை, மாணவனே தன் விடைக்குப் பக்கத்தில் வரி எண்ணை எழுதட்டும். எழுத எண் அகப்படாத வினாக்களையே ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்கொண்டால் போதும்.