அடிச்சுற்றில் இழுவை: ஹார்லிக்கு எது நியாயமான மேம்பாடு?

2009க்குப் பிறகு வந்த ஹார்லி டேவிட்சன் டூரிங் வண்டிகளில், ஆறாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்றுதான் சுழலும். வேகம் 80 ஆனால் 1,900. அவற்றில் தொடக்கத்தில் வந்த பலவற்றில் இருந்த ட்வின் கேம் 96 எஞ்சினின் உச்ச முறுக்குவிசையோ 3,500 சுற்றில்தான் கிடைக்கிறது. வண்டியின் எடையே 400 கிலோவை நெருங்கும். பின்னால் துணைவர், பெட்டி நிறையச் சாமான், எதிரே ராக்கி மலை ஏற்றம். அந்த நேரத்தில் த்ராட்டிலை முறுக்கினால் வண்டி தயங்கத்தான் செய்யும். அடிச்சுற்றில், அதாவது குறைந்த சுற்றில், இழுவை போதாத இந்தக் குறை உண்மையானது. அதற்கு அமெரிக்க ஒர்க்‌ஷாப்புகள் சொல்லும் தீர்வுகளைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

அவர்கள் முதலில் சொல்வது எஞ்சினைப் பெரிதாக்குவதை. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் 1,584 சிசி கொண்ட 96, 1,690 சிசி கொண்ட 103 ஆகிவிடும். ஸ்ட்ரோக் மாறுவதில்லை. கொள்ளளவில் கூடுவது 6.7 சதவீதம், அடிச்சுற்றில் இழுவையும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். இப்போது கியர்பாக்ஸிலுள்ள 32 பல் பெல்ட் புல்லியைக் கழற்றி 30 பல் புல்லியைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தில் கூடும் விசை அதே 6.7 சதவீதம்! எஞ்சினை யாரும் திறக்க வேண்டியதில்லை. ஸ்பீடோமீட்டரைத் திருத்த வேண்டும், நெடுஞ்சாலையில் சுற்று சற்றுக் கூடும், அவ்வளவே. ஐந்தாவது கியருக்கு இறங்கினாலோ செலவே இல்லாமல் 18 சதவீதம் கிடைக்கிறது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் பிஸ்டன் கிட்டை விற்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம்.

எஞ்சினைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், பலன் அதிகம் இருப்பது வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில். பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, உள்ளே பாயும் காற்று தன் வேகத்தாலேயே தொடர்ந்து நிரம்பும். மெதுவாகச் சுழலும்போது மேலேறும் பிஸ்டன் அதே காற்றை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். ஆகவே அடிச்சுற்றில் இழுவை வேண்டுமானால் வால்வு சீக்கிரம் மூட வேண்டும். ஹார்லியின் சொந்த ஸ்க்ரீமின் ஈகிள் 255 கேம், கீழ்முனை தாண்டி 25 பாகையிலேயே மூடிவிடுகிறது. 2,000 சுற்றிலேயே வண்டியின் குணம் மாறிவிடும். மேல் சுற்றில் மூச்சு வாங்கும். தொலைப்பயணம் போகிறவருக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சீக்கிரம் மூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். கோடை வெயிலில், காற்றால் மட்டும் குளிரும் எஞ்சினில், சுமையோடு ஏறும்போது, எரிபொருள் நேரம் தப்பி வெடிக்கும் நாக்கிங் வரும். அதை உணர்ந்ததும் எஞ்சினின் கணினியான இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய இழுவையில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். இதோடு மெல்லிய ஹெட் கேஸ்கெட்டும் போட்டு கம்ப்ரஷனை இன்னும் ஏற்றச் சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்க மாட்டேன். வெயில் பிரதேசத்தில் அது எஞ்சினுக்குச் செய்யும் கேடு.

சைலன்சர் விஷயத்தில் சத்தத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். 45 பாகை வி-ட்வினில் இரண்டு சிலிண்டர்களும் 315, 405 பாகை இடைவெளிகளில் மாறி மாறி வெடிக்கின்றன. இரண்டு தனித்தனி நேர்க்குழாய்கள் போட்டால் பெரும்பாலும் 3,000 சுற்றுக்குக் கீழேதான் இழுவை குழிவிழும். இரண்டும் ஒன்றாகச் சேரும் குழாயே டூரிங் வண்டிக்குப் பொருத்தம். இதற்கெல்லாம் எரிபொருள் கணக்கையும் திருத்த வேண்டும். அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. புகைக் கட்டுப்பாட்டை மீறும் சுமார் 3,40,000 ட்யூனர் கருவிகளை (எரிபொருள் கணக்கை மாற்றுபவை) விற்றதாக எழுந்த வழக்கில், 2016 ஆகஸ்டில் ஹார்லி நிறுவனம் 1.2 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கிராங்க். ட்வின் கேமின் ஃப்ளைவீல்கள் அழுத்திப் பொருத்தப்பட்டவை. குறைந்த சுற்றில் வலுவாக அடிக்கும் எஞ்சின் அந்தப் பொருத்தத்தைத்தான் சோதிக்கிறது. கிராங்க் நகர்ந்துவிட்டால் செலவு கேமோடு நிற்காது. அடிச்சுற்று இழுவையைக் கூட்டிவிட்டு, அந்த இழுவையை நம்பியே 1,500 சுற்றில் உயர்கியரில் ஓட்டுவது ஆபத்தான பழக்கம்.

என் தீர்ப்பு இதுதான்: முதலில் கியர், பிறகு புல்லி. அதுவும் போதாதென்றால் மிதமான கேமும் இரண்டு-ஒன்று சைலன்சரும், சட்டத்துக்கு உட்பட்ட ட்யூனிங்கும். வேறு காரணத்துக்காக எஞ்சினைத் திறக்க நேரும்போது பெரிய பிஸ்டனை யோசிக்கலாம். ஒர்க்‌ஷாப்காரர் உச்சக் குதிரைத்திறனைக் காட்டினால் அதோடு திருப்தி அடையாதீர்கள். எஞ்சினின் வலுவை அளந்து காட்டும் டைனோ வரைபடத்தில் 2,000 முதல் 3,000 சுற்று வரையுள்ள கோட்டைக் கேளுங்கள். அதைக் காட்டாதவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.