அட்டையில் ஓடிய படம்

எண்பதுகளின் மலிவு வீடியோ கேசட்டுகளின் அட்டை ஓவியங்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஓவியர் தாமஸ் ஹாட்ஜ் 2015இல் அவற்றைத் தொகுத்துப் புத்தகமே போட்டார். ஆரோ வீடியோ போன்ற நிறுவனங்கள் பழைய திகில் படங்களை மறுவெளியீடு செய்கையில் புதிதாக ஓவியம் தீட்டச் சொல்லி உறை போடுகின்றன. இந்த ரசனைக்காரர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: படத்தைவிட அட்டை நன்றாக இருக்கும், அதில்தான் சுவாரசியமே.

கைத்திறனை யார் மறுத்தார்கள்? இத்தாலியின் என்சோ சியோட்டி தீட்டிய அட்டைகள் இன்றும் கண்ணை இழுக்கின்றன. நட்சத்திரமும் விளம்பரக் காசும் இல்லாத படத்துக்கு வாடகைக் கடை அலமாரியில் அட்டையை விட்டால் வேறு கதியில்லை என்பதும் சரி.

ஆனால் காசு எங்கே கைமாறியது என்று பாருங்கள். அமெரிக்காவில் கடைக்காரர் ஒரு கேசட்டைப் பெரிய விலை கொடுத்து ஒருமுறை வாங்குவார். பிறகு எத்தனை பேருக்கு வாடகைக்கு விட்டாலும் விநியோகஸ்தருக்கு மேற்கொண்டு வரவு கிடையாது. அவருடைய கணக்கு கடை வாசலோடு முடிந்தது. படம் பார்த்து நொந்தவரின் கோபம் கடைக்காரரைத் தாண்டிப் போகவில்லை. இப்படியொரு ஏற்பாட்டில் படத்துக்கு உழைப்பதைவிட அட்டைக்கு உழைப்பதே லாபம்.

ஜிம் வைனார்ஸ்கியின் 'சாப்பிங் மால்' (1986) அட்டையில் ஓர் உலோகக் கை, மனித உறுப்புகள் நிரம்பிய கடைப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும். படத்தில் அந்தக் கையும் இல்லை, பையும் இல்லை. வணிக வளாகக் காவலுக்கு வைத்த இயந்திரங்கள் குட்டி டாங்கிகளாக உருண்டு லேசர் சுடுகின்றன, அவ்வளவுதான். முதலில் வைத்த 'கில்பாட்ஸ்' என்ற பெயராவது உள்ளதைச் சொன்னது. எரிச்சல் என்னவென்றால், இது மோசமான படமல்ல. துடுக்கும் நையாண்டியும் உள்ள படம். வெட்டுக்குத்தைத் தேடி எடுத்தவர் ஏமாந்தார். நையாண்டியை ரசித்திருக்கக்கூடியவரோ அட்டையைப் பார்த்தே நகர்ந்துவிட்டார்.

'கூலீஸ்' (1985) இன்னும் ஒரு படி மேல். கழிப்பறைப் பீங்கானிலிருந்து எட்டிப் பார்க்கும் குட்டிப் பிசாசை விளம்பரத்தில் போட்டாயிற்று. பிறகுதான் அந்தக் காட்சியைப் படத்தில் சேர்த்தார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த சார்லஸ் பேண்ட், பல படங்களுக்குச் சுவரொட்டியை முதலில் காட்டிப் பணம் திரட்டி, அப்புறம் கதைக்குப் போனவர். இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். இயக்குநரின் வேலையை விளம்பரப் பிரிவு பிடுங்கிக்கொண்டது என்றுதான் நான் சொல்வேன். ஓவியர் மேல் பழியில்லை. எடுக்காத படத்துக்கு வரையச் சொன்னால் அவர் எதைப் பார்த்து வரைவார்?

எல்லாரும் தெரிந்தே ஆடிய விளையாட்டு அது என்கிறார்கள். தெரிந்திருந்தால் அட்டைக்கு அத்தனை ஜம்பம் எதற்கு? இன்று ஆரோ பதிப்பை வாங்குகிறவர் படத்தை ஏற்கெனவே பலமுறை பார்த்தவர். உறை என்ன புளுகினாலும் அவருக்கு நட்டமில்லை. 1986இன் சனிக்கிழமை மாலையில் கையிலிருந்த சில டாலர்களுக்கு ஒரே ஒரு கேசட்டைத் தேர்ந்தெடுத்த ஆளுக்கும் சேர்த்து, அதுவும் வேடிக்கைதான் என்று இவர் எப்படிச் சொல்லலாம்?