திணை மயங்கிய தீவு: ‘கிரீன்வோ’ புதினம் பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு நிலத்தின் வாழ்வை இலக்கியமாக்குவது வேறு. அந்நிலத்தைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டு அதன்முன் ஒரு காதற்கதையை நடத்திக்காட்டுவது வேறு. கடலும் படகும் வலையும் இடம்பெறுவதனாலேயே ஒரு புதினம் நெய்தல் இலக்கியம் ஆகிவிடாது. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளோடு இணைந்து நிற்கும்பொழுதுதான் நிலம் இலக்கியத்தில் உயிர்பெறுகிறது. தமிழ் மரபு தந்த இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, ஸ்காத்துலாந்தின் வடகோடியில் உள்ள ஆர்க்னித் தீவுகளில் பிறந்த ஒரு புதினத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜார்ஜ் மக்காய் பிரவுன் (1921–1996) ஸ்ட்ராம்னெஸ் என்னும் சிறு துறைமுக ஊரில் பிறந்து, கல்விக்காகவும் காசநோய் மருத்துவத்திற்காகவும் வெளியில் கழித்த காலம் போக, ஏறத்தாழத் தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தவர். சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஊர் அது. கற்பலகை பாவிய ஒரே நீண்ட தெரு கரையோரமாக வளைந்து செல்லும். கடற்கரை வீடுகள் பக்கச் சுவரைக் கடலுக்குக் காட்டி நிற்கும். பலவற்றுக்குச் சொந்தப் படகுத்துறையும் உண்டு. வடகனடாவுக்குச் சென்ற அட்சன் விரிகுடாக் கம்பெனியின் கப்பல்கள் இங்கேதான் நன்னீரையும் ஊழியர்களையும் ஏற்றிச் சென்றன. பிரவுனின் தந்தையார் அவ்வூரின் அஞ்சற்காரர், தையற்காரரும்கூட. வீடுவீடாகக் கதவைத் தட்டிச் செல்லும் அந்தத் தொழிலின் நடையே மகனது கதை சொல்லும் முறையாயிற்று எனலாம்.

1972இல் வெளிவந்த ‘கிரீன்வோ’ அவரது முதற் புதினம். கதை நிகழும் கெல்யாத் தீவும் அதிலுள்ள கிரீன்வோ என்னும் கடற்கரைச் சிற்றூரும் கற்பனையே. ஆறு அதிகாரங்கள் கொண்ட இப்புதினத்தில் கதைத்தலைவன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட இயலாது. விடியலில் மீனவர் படகிறக்குவதும், பகலில் பெண்கள் கடையிற் கூடுவதும், இரவில் ஆடவர் மதுக்கூடத்தில் அமர்வதுமாக நாட்கள் நகர்கின்றன. ஊரே கதைமாந்தன், ஊரின் அன்றாட வாழ்வே கதைப்பின்னல்.

அவ்வூரை ஆசிரியர் அழகுபடுத்திக் காட்டவில்லை என்பது முதலில் பாராட்டத்தக்கது. மீனவன் பெர்ட் கெர்ஸ்டன் குடிக்கு அடிமை. ஆலிஸ் வோர் என்பவளுக்கு ஏழு குழந்தைகள். தந்தையர் வெவ்வேறு ஆடவர். கடை நடத்தும் ஜோசப் ஈவியும் அவன் மனைவியும் உப்பையும் தேயிலையையும் விற்கும் அளவுக்கு ஊர்ப்பழியையும் விற்கின்றனர். சமயகுருவின் தாய் திருமதி மக்கீ, தன் மகன் குடிகாரன் ஆனதற்குத் தானே காரணம் என்று மனத்துக்குள் ஒரு நீதிமன்றத்தை அமைத்துத் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாள். சிற்றூர் என்றால் தூய்மை, நகரம் என்றால் தீமை என்னும் எளிய கணக்கு இங்கு இல்லை. ஆயினும் ஒருவர் குறையை மற்றவர் அறிந்திருப்பதும், அறிந்தும் ஒருவரோடொருவர் வாழ்வதும் சமுதாயம் என்னும் சொல்லுக்குப் பொருளாகின்றன.

இந்திய நாட்டவனான ஜானி சிங் இவ்வூருக்கு வருவது நம் கவனத்திற்கு உரியது. பெட்டியில் துணிமணிகளைச் சுமந்து வந்து வீடுவீடாக விற்கும் அவன், தான் கண்டதைத் தன் மாமனுக்குக் கடிதமாக எழுதுகிறான். அயலவனுக்கு எந்தக் கதவு திறக்கிறது, எது மூடுகிறது என்பதைக் கொண்டே ஒவ்வொரு குடும்பத்தின் இயல்பையும் ஆசிரியர் உணர்த்திவிடுகிறார். துணிமூட்டை சுமந்த வணிகரைத் தோட்டப்புறத்தில் கண்டு பழகிய நம் முன்னோர் அவனை வாயிலில் நின்று வரவேற்றவர்கள். இங்கோ நாம் அவன் கண்வழியே உள்ளே பார்க்கிறோம். இது நமக்குப் புதிய அனுபவம்.

இனி உரிப்பொருளுக்கு வருவோம். நெய்தலுக்கு இரங்கலும் இரங்கல் நிமித்தமும் உரியன என்பர். கிரீன்வோவிலும் அடிநாதமாக ஒலிப்பது இரங்கலே. ஆனால் ஆர்க்னியர் வெறும் மீனவர் அல்லர். ‘படகு வைத்திருக்கும் உழவர்’ என்றே அவர்களைக் குறிப்பிடுவது வழக்கம். ஆகவே நெய்தலோடு மருதமும் இங்கே கலந்து கிடக்கிறது. ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் உழவர் சிலர் ஒரு கொட்டகையில் மறைவாகக் கூடி, பழைய சடங்கொன்றின் ஒரு பகுதியை நிகழ்த்துகின்றனர். மண்ணுக்குள் மடியும் விதை கதிராக மீள்வதே அச்சடங்கின் கரு. பகல் முழுதும் அலைகடலின் நிலையாமையைக் காட்டிய ஆசிரியர், இரவில் மண்ணின் மீட்சியைக் காட்டுகிறார். இத்திணை மயக்கம் தற்செயலானதன்று. இதுவே புதினத்தின் அடித்தளம்.

இந்நிலையில் ‘கருப்பு விண்மீன்’ என்னும் பெயருடைய இரகசிய அரசுத்திட்டம் தீவில் வந்திறங்குகிறது. அதன் பயன் யாது என்பது ஊராருக்கும் சொல்லப்படவில்லை, வாசகருக்கும் சொல்லப்படவில்லை. வீடுகள் இடிகின்றன, மக்கள் சிதறுகின்றனர், தீவு பாழாகிறது. ஆண்டுகள் சில சென்றபின் பழைய ஆடவர் சிலர் இரகசியமாகப் படகேறி வந்து, இடிபாடுகளுக்கிடையே சடங்கின் எஞ்சிய பகுதியை நிறைவேற்றுவதோடு புதினம் முடிகிறது. இடம் அழிந்தாலும் ஒன்றுகூடிச் செய்யும் செயல் அழியாவிடின் சமுதாயம் அழியாது என்பது ஆசிரியரின் முடிவு.

இம்முடிவின் அழகில் மயங்கிவிடாமல் இரண்டு வினாக்களை எழுப்புவது திறனாய்வாளனின் கடமை.

முதலாவது, ஊரார் ஏன் ஒன்றுகூடி எதிர்க்கவில்லை? கடையிலும் மதுக்கூடத்திலும் நாள்தோறும் வாயோயாமல் பேசியவர்கள், தம் கூரை பிரிக்கப்படும்பொழுது தனித்தனியே முணுமுணுப்பதோடு நின்றுவிடுகின்றனர். முகமற்ற தீமையை ஆசிரியர் விதிபோல் வரவிட்டதால் மக்கள் வெறும் பலியாடுகளாகிவிட்டனர். உண்மையான ஆர்க்னி அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. 1970களின் பிற்பகுதியில் ஸ்ட்ராம்னெஸ் அருகே யுரேனியம் தோண்டும் திட்டம் எழுந்தபொழுது தீவு மக்கள் வெளிப்படையாக எதிர்த்தனர். ஆர்க்னியில் குடியேறியிருந்த இசைமேதை பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் 1980இல் அத்திட்டத்திற்கு எதிராக ஓர் இசைநிகழ்ச்சியையே படைத்தார். சுரங்கம் வரவில்லை. அதே காலத்தில் ஃப்ளாட்டாத் தீவில் எண்ணெய் முனையம் வந்தது. ஆயினும் ஆர்க்னி பாழாகவில்லை. புதினம் எச்சரித்த ஆபத்து மெய்யே. புதினம் மறந்தது மக்களின் வலிமையை.

இரண்டாவது, இறுதிச் சடங்கில் பெண்கள் எங்கே? ஊரின் பேச்சையும் பழியையும் பரிவையும் துயரத்தையும் சுமந்தவர்கள் ஆலிஸும் திருமதி மக்கீயும் அவர்கள் போன்றோருமே. மீட்சி மட்டும் ஆடவரின் இரகசியமாகிறது. உழவர் சங்கச் சடங்கு ஆடவர்க்கே உரியது என்பது மரபுக்குப் பொருந்தலாம். ஆயினும் ஊரையே கதைமாந்தனாக்கிய புதினம் இறுதியில் பாதி ஊரைக் கரையில் விட்டுவிட்டுப் படகேறுவது ஒரு குறையே.

இக்குறைகளால் நூலின் தகுதி தாழ்ந்துவிடவில்லை. தாம் பிறந்த ஊரைத் தொலைவில் நின்று ஏங்கிப் பாடாமல், அதன் நடுவில் இருந்துகொண்டே அதன் மரணத்தைக் கற்பனை செய்து பார்த்த துணிவு பிரவுனுடையது. அன்பும் கண்டிப்பும் ஒருசேர அமைந்த அத்தகைய பார்வை எளிதில் வாய்ப்பதன்று.

நம் நாட்டிலும் தோட்டத் துண்டாடலால் ஊர்கள் கலைந்தன. கோயிலும் பள்ளியும் தனித்து நின்றன. அவ்வாழ்வை எழுத முனையும் இளைஞர்க்கு இப்புதினம் இரண்டு பாடங்களைத் தருகிறது. தலைவன் ஒருவனைத் தேடாமல் ஊரையே தலைவனாக்கலாம் என்பது அதன் வெற்றி தரும் பாடம். இரங்கலோடு நின்றுவிடாமல், எதிர்த்தவரையும் தாங்கி நின்ற பெண்களையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் குறை தரும் பாடம். வகுப்பறையில் திணைக் கோட்பாட்டைப் பழம்பாடல்களோடு நிறுத்திவிடாமல் இத்தகைய புதினங்களுக்கும் பொருத்திக் காட்டும் ஆசிரியர், மாணவர்க்கு இலக்கணத்தையும் வாழ்வையும் ஒருங்கே கற்பித்தவர் ஆவார்.