அயல்நாட்டு வகுப்பறை: எதைப் பார்த்து எழுதுவது?

'அயல்நாட்டு வகுப்பறையில் நான்' என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள், ஆசிரியர்களே. பாதிக் கட்டுரை விமானத்திலேயே போய்விடும். மீதியில் பனி கொட்டும். அந்த ஊர் ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பது மட்டும் வராது.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியுமா? 1950களில் நம் நாட்டிலிருந்து லிவர்பூல் பக்கத்தில் இருக்கும் கிர்க்பிக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் ஒரே கல்லூரியில் ஈராண்டு. 1956 பிப்ரவரியில் நம்ம கெடாவில் பிறந்த துங்கு, சுதந்திர நாள் பற்றி முதலில் வாய்திறந்தது அந்த மாணவர்கள் முன்னால்தான். கிர்க்பி நினைவுகளில் இதுவும் குளிரும் நட்பும் தவறாமல் வரும். ஆனால் பயிற்சிக்காக அவர்கள் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்களே, அது? முதல் நாள் பிள்ளைகள் என்ன கேட்டார்கள்? எந்தப் பாடம் சொதப்பியது? நான் வாசித்தவற்றில் இது ரொம்பக் குறைவு. எனக்கு வேண்டியதோ அதுதான்.

கிர்க்பிக்கு நூற்றைம்பது ஆண்டு முன்பே எதிர்த் திசையில் ஒருவர் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளிப் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் மசியவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் இதை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. வெயிலையும் யானையையும் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா, சொல்லுங்க?

பெல்லிடமும் குறை உண்டு. அந்தப் பையன் பெயர் தெரிகிறது. மணலில் எழுத வைத்த வாத்தியார் பெயர் தெரியவில்லை. முறையும் பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியர் தலையில் கட்டும் மலிவு வழியாகிப்போனது.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத் தோட்டப் பள்ளிகளில் கூட்டு வகுப்பு எடுத்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஒரே அறையில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகள். ஒரு பக்கம் கணக்கு ஓடும், மறுபக்கம் பெரியவள் சின்னவனுக்கு வாசித்துக் காட்டுவாள். இதை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

தேர்வு எழுதும் தம்பி தங்கைகளே, நாளைக்கு ஒரு பாடத்தின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் குறித்துப் பாருங்கள். யார் பேசினார், கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார், பின்வரிசையில் யார் வாயே திறக்கவில்லை.