கண்ணாடியில் தெரியும் மாற்றாந்தாய்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டில் சிறை 1991இல் மூடப்பட்டது. இன்று அது சுற்றுலாத் தலம். இரவில் டார்ச் விளக்கோடு அழைத்துச் சென்று கதை சொல்கிறார்கள். அவற்றில் புகழ்பெற்றது மார்த்தா ரெண்டலின் கதை. சிறைத் தேவாலயத்தின் ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியுமாம், உள்ளே போனால் காணாமல் போய்விடுமாம். பழைய கண்ணாடியின் நெளிவுதான் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால், 1889 முதல் 1964 வரை அங்கே தூக்கிலிடப்பட்டவர்கள் 44 பேர். 43 பேர் ஆண்கள். அந்த நெளிவுக்கு மட்டும் ஏன் ஒரே பெண்ணின் பெயர்?

தாமஸ் மோரிஸ் என்பவருடன் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர் மார்த்தா. மோரிஸின் பிள்ளைகள் மூவர் 1907, 1908ஆம் ஆண்டுகளில் இறந்தார்கள். முதல் இரு சிறுமிகளின் சாவுக்கு டிப்தீரியா காரணம் என்றே அப்போது சான்று தரப்பட்டது. பிறகு, தொண்டையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தடவிக் கொன்றார் என்று வழக்கு வந்தது. சிறுவன் ஆர்தரின் கொலைக்காக 1909 அக்டோபர் 6 அன்று மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள். கடைசிவரை அவர் குற்றத்தை மறுத்தார். உடன் குற்றம் சாட்டப்பட்ட மோரிஸ் விடுதலையானார்.

மார்த்தா நிரபராதி என்று நிறுவுவதல்ல என் நோக்கம். தாலி கட்டாதவள், பிறர் பிள்ளையை வளர்த்தவள் என்ற இரண்டு அடையாளங்களும் சாட்சியங்களுக்கு முன்பே தீர்ப்பை எழுதத் தொடங்கிவிட்டனவா என்பதே கேள்வி. பாரபட்சம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று கூசாமல் எழுதும் நமக்கு இது புரியாததல்ல. அன்னா ஹெய்பிச் 2010இல் இவ்வழக்கைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே 'கொலைகாரச் சிற்றன்னைகள்' என்று பன்மையில் இருக்கிறது. ஒருத்தி மீதான வழக்கு, ஒரு வகைப் பெண்கள் மீதான வழக்காகிவிடுகிறது.

பேய்க்கதை இந்தச் சந்தேகத்தைத் திகிலாக மாற்றி விற்கிறது. கொடியவளாய்த் திரும்பினாலும், நீதி கேட்டுத் திரும்பினாலும், கதைக்குத் தேவை அவர் முகம்தான், மறுப்பு அல்ல. பேய்க்கு மேல்முறையீடு கிடையாது.

அவருக்குத் தனிக் கல்லறைகூட மிஞ்சவில்லை. 1964இல் அச்சிறையில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட எரிக் குக்கையும் அதே குழியில்தான் புதைத்தார்கள்.

இனி ஒரு பெண்பேயின் கதையைக் கேட்டால், அவள் எங்கே தெரிகிறாள் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். அவள்மேல் என்ன வழக்கு, யார் சாட்சி, கூட இருந்த ஆண் என்ன ஆனான் என்றும் கேளுங்கள்.