ஆம்பியூலும் மனக்கணக்கும்

கொச்சியை ஒட்டிய திருப்பூணித்துறையில் எந்த மருந்துக் கடைக்குள் எட்டிப் பார்த்தாலும் உப்பின் அளவை நான்கு விதமாக எழுதியிருப்பதைக் காணலாம். ஓஆர்எஸ் பொட்டலத்தில் கிராம். நார்மல் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று பெரிதாகவும், லிட்டருக்குச் சோடியம் 154 மில்லி ஈக்விவலண்ட் என்று கீழே பொடியாகவும். ஓரத்தில் ஆஸ்மோலாரிட்டி என்று 308. பக்கத்து லேபில் கொடுக்கும் ரிப்போர்ட்டில் சோடியமும் பொட்டாசியமும் மில்லி மோலிலோ மில்லி ஈக்விவலண்டிலோ வரும். கால்சியமும் மெக்னீசியமும் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிச் சொல்லும் வேலை மருந்தாளுநர் தலையில் விழுகிறது. அவர் இல்லாத இரவுகளில் நர்ஸ் தலையில்.

இத்தனை அலகுகள் இருப்பதே கோளாறு, எல்லாவற்றையும் மில்லி மோலுக்குக் கொண்டுவந்துவிட்டால் தொல்லை தீரும் என்பவர்கள் உண்டு. உலக சுகாதார சபை 1977இல் மருத்துவத்துக்கு எஸ்.ஐ. அலகுகளைப் பரிந்துரைத்த காலத்திலிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தராசில் எவ்வளவு வைப்பது என்று கேட்டால் பதில் கிராமில்தான் வரும். மின்சுமைக் கணக்கு நேராகிறதா என்று பார்க்க ஈக்விவலண்ட் வேண்டும். எத்தனை துகள் என்பதற்கு மோல். இந்தக் கரைசலை நரம்பு தாங்குமா என்பதற்கு ஆஸ்மோல். அலகை மாற்றுகிறவர் கேள்வியையே மாற்றிக் கேட்கிறார். இதில் பயன் நிறைய உண்டு. அதை யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் செய்கிறார் என்பதில்தான் வழக்கு.

பயன் எங்கே என்று பார்க்க ஓஆர்எஸ் பொட்டலத்தையே பிரிக்கலாம். 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் திருத்தி அறிவித்த கலவை லிட்டருக்கு இப்படி: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9, நீரற்ற குளுக்கோஸ் 13.5. இந்தக் கிராம்களை வெறுமனே பார்த்தால் ஒன்றும் புரியாது. சோடியம் குளோரைடின் 2.6 கிராமை அதன் மூலக்கூறு எடையான 58.44ஆல் வகுத்தால் 44.5 மில்லி மோல். சிட்ரேட்டின் 2.9ஐ 294ஆல் வகுத்தால் 9.9, ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம் என்பதால் அது கொடுப்பது 29.6. இரண்டும் சேர்ந்து 74 சொச்சம். பொட்டலத்தில் 75 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். பொட்டாசியம் 20. குளோரைடு 65. குளுக்கோஸும் 75.

இதுவரை வந்தவருக்கு ஒரு சன்மானம் காத்திருக்கிறது. நேர் அயனிகள் 75உம் 20உம் சேர்ந்து 95. எதிர் அயனிகளில் குளோரைடு 65, மூன்று மின்சுமை கொண்ட சிட்ரேட் 10 என்பதால் அதன் பங்கு 30; ஆக 95. இரண்டு பக்கமும் நேராகிவிட்டது. யாராவது ஒரு அயனியின் எண்ணைப் பிசகாக எழுதியிருந்தால் இந்த இடத்தில் பிடிபட்டிருக்கும். குளுக்கோஸோடு சோடியம் சம எண்ணிக்கையில் நிற்பதும் கிராமில் தெரியாது. குடல் சுவரைச் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக் கடக்கின்றன என்ற உடலியங்கியலை 2.6, 13.5 என்ற எண்கள் மறைக்கின்றன. 75, 75 என்று எழுதினால் வெளியே வருகிறது.

ஆனால் அந்தக் கலவையின் முன்னோடி உயிர்களைக் காத்தது கிராமில்தான். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸின் குழு கல்கத்தாவில் உட்கார்ந்து 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் என்ற விகிதத்தில் பொட்டலம் கட்டியது. அதைப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்கள். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு விகிதம், இந்தக் கரைசல் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமானது. லிட்டருக்குச் சோடியம் 90 மில்லி மோல் வருகிறது என்ற கணக்கை ஆய்வாளர்கள் முன்பே போட்டு முடித்திருந்தார்கள். பன்காவில் யாரும் எதையும் வகுக்கவில்லை.

மில்லி ஈக்விவலண்டைப் பழங்கணக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்டனின் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் கேம்பிள் இரத்த நீரின் நேர் அயனிகளையும் எதிர் அயனிகளையும் அருகருகே இரண்டு தூண்களாக வரைந்து காட்டினார். தூண்கள் சம உயரத்தில் நிற்பது ஈக்விவலண்டில் வரைந்தால் மட்டுமே. ஐ.சி.யூ.வில் இன்றும் தினமும் பார்க்கும் அனயான் கேப் என்ற அயனி இடைவெளிக் கணக்கு அந்தப் படத்தின் வாரிசு. மோலில் மட்டும் யோசிப்பவர் இந்தச் சரிபார்ப்பை இழக்கிறார். பாஸ்பேட் வந்தால் கதை தலைகீழ்: அதன் மின்சுமை கார அமில நிலையைப் பொறுத்து மாறும், இரத்தத்தின் பி.எச். 7.4இல் சராசரி 1.8. அங்கே மில்லி மோலைத் தவிர வேறெதுவும் நம்பகமில்லை.

இனி குறைகள். முதல் குறை, நம்மைத் தாலாட்டும் ஒன்றாம் வாய்ப்பாடு. சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றுக்கும் மின்சுமை ஒன்று; ஆகவே மில்லி மோலும் மில்லி ஈக்விவலண்டும் ஒரே எண். வார்டில் நாள் முழுக்கப் புழங்குவது இவைதான். இரண்டும் ஒன்றுதான் என்று கை பழகிவிடுகிறது. அதே கை மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் போகும்போது விடை இரண்டு மடங்கு தப்புகிறது. இது கொச்சி வட்டாரத்துக்கு ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. இங்கிருந்து நர்ஸ்கள் உலகமெங்கும் போகிறார்கள். பிரிட்டனுக்குப் போகிறவர் கால்சியத்தை 2.4 மில்லி மோல் என்று படிப்பார். அமெரிக்கா போகிறவரும் ஊரிலேயே இருப்பவரும் 9.6 மில்லிகிராம் என்று படிப்பார்கள். அதுவே ஈக்விவலண்டில் 4.8. மூன்றும் ஒரே இரத்தம்.

மெக்னீசியத்தில் இந்தத் தப்பின் விலை தெரியும். பிரசவ வலிப்புக்குத் தரும் மெக்னீசியம் சல்பேட்டுக்கு இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவாகப் பாடநூல்கள் சொல்வது லிட்டருக்கு 4 முதல் 7 மில்லி ஈக்விவலண்ட். நம் லேப் தருவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அந்த அலகில் இதே எல்லை ஏறத்தாழ 4.8 முதல் 8.4. ரிப்போர்ட்டில் 8 என்று பார்த்துவிட்டு, ஏழைத் தாண்டிவிட்டதே என்று மருந்தை நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். மறுபக்கம் இன்னும் மோசம்: 7 என்பதை மில்லி மோல் என்று எடுத்துக்கொண்டால் அது 14 மில்லி ஈக்விவலண்ட். முழங்கால் அனிச்சை 10இலேயே போய்விடும். மூச்சுத் தசை அதற்கு அப்பால் அடங்கும். பிரசவ வார்டில் அனுபவசாலிகள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சையும் சிறுநீரையும் எண்ணுவதும் இதனால்தான் எனக்குப் பிடிக்கும். அதற்கு அலகே வேண்டாம். கிராம சுகாதார நர்ஸுக்கான மத்திய அரசு வழிகாட்டுதலும் இதே போக்கு: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 50 சதவீத ஆம்பியூல்கள் பத்து, இடுப்புக்குக் கீழ் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து. ஆம்பியூலை எண்ணத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது குறை சதவீதத்தில் ஒளிந்திருக்கிறது. கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், கால்சியம் குளோரைடு 10 சதவீதம். லேபிளில் எண் ஒன்றுதான். பத்து மி.லி.யில் முதலாவது தருவது ஏறத்தாழ 93 மி.கி. கால்சியம், இரண்டாவது 272. உப்பின் பெயரைப் படிக்காமல் சதவீதத்தை மட்டும் படித்தவர் மூன்று மடங்கு தப்புவார். பொட்டாசியத்திலும் இப்படி: ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடு என்றால் 13.4 மில்லி ஈக்விவலண்ட், ஒரு கிராம் பொட்டாசியம் என்றால் 25.6. சீட்டில் ‘பொட்டாசியம் 1 கி.’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேட்டே ஆக வேண்டும். சோடியம் பைகார்பனேட்டில் பிசகு சின்னது. வெளிநாட்டுப் புத்தகம் மி.லி.க்கு ஒரு மில்லி ஈக்விவலண்ட் வரும் 8.4 சதவீதத்தை வைத்துக் கணக்குச் சொல்லும்; நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது 7.5 சதவீதம், மி.லி.க்கு 0.9. பெரியவர்களுக்கு இந்தப் பத்துச் சதவீதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லாத் தவறுக்கும் ஒரே எடை போடுவதும் ஒரு தவறுதான்.

இந்த ஊரின் அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு, ஒரே எண் பொருளைப் பொறுத்து வேறு அளவாவது புதிதாக இராது. அவர்களுடைய அளவு முறையில் பலம் என்பது 48 கிராம். ஆனால் குடவம் என்ற அளவிலிருந்து மேலே போனால் நீர்மத்தையும் பச்சை மூலிகையையும் சொன்ன அளவுக்கு இரட்டிப்பாக எடுக்க வேண்டும் என்று விதி. ஏட்டில் உள்ள எண் மாறாது, பொருளைப் பார்த்துப் பாத்திரத்தில் விழுவது மாறும். விதி தெரிந்த வைத்தியருக்கு அதனால் குழப்பமில்லை. கஷாயம் காய்ச்ச நேரமும் இருக்கிறது.

இரவுப் பணியில் அந்த நேரம் இல்லை. அங்கே மிக ஆபத்தானது 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல்: 10 மி.லி., 1.5 கிராம், 20 மில்லி ஈக்விவலண்ட். ‘20’ என்று வாய்மொழியாக வந்த ஆர்டரை மி.லி. என்று எடுத்தால் 40 போகும். கரைக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்த நோயாளி பாதுகாப்பு வழிகளில் ஒன்று இதற்கென்றே: செறிவான எலெக்ட்ரோலைட்டுகளை வார்டு அலமாரியிலிருந்து எடுத்து ஃபார்மஸியில் வை, முடிந்தவரை கரைத்தே அனுப்பு. கணக்கை ஒழிக்கச் சொல்லவில்லை. கணக்குப் போடும் இடத்தை மாற்றச் சொன்னது. அமெரிக்காவில் அட்ரினலின் லேபிளில் 1:1000 என்று விகிதமாக எழுதுவதை 2016இல் நிறுத்தி மி.லி.க்கு 1 மி.கி. என்று மாற்றியதும் இதே வழிதான்.

நம் அச்சு வழக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அரை லிட்டர் சலைன் பாட்டிலில் அயனிக் கணக்கு முழுதாக அச்சாகியிருக்கிறது; அங்கே தப்பினால் பெரும்பாலும் உயிர் போகாது. உயிர் போகக்கூடிய சின்ன ஆம்பியூலில் சதவீதம்தான் பளிச்சென்று தெரியும், மற்றது இருந்தால் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். இடம் போதாது என்பது நியாயமான பதில். நான்கு அலகையும் அதில் திணித்தால் குழப்பம் கூடவே செய்யும். ஒன்றே ஒன்று போதும்: இந்த ஆம்பியூல் முழுவதிலும் எவ்வளவு, மருத்துவர் ஆர்டர் எழுதும் அதே அலகில்.

இதைச் செய்ய வைக்கும் கை நம்மிடம் இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும், அதைப் பார்த்துக் கேரளம் உருவாக்கிய மருத்துவப் பணிகள் கழகமும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தை மொத்தமாக வாங்குகின்றன. விற்பனைக்கு அல்ல, அரசு வழங்கல் என்று லேபிளில் அச்சிட உற்பத்தியாளர்களை இந்த முறை பழக்கியிருக்கிறது. அதன் கீழே ‘இதில் மொத்தம் 20 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம், கரைத்தே ஏற்றுக’ என்று இன்னொரு வரியைக் கேட்க டெண்டர் நிபந்தனையில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கும்.