ஓடுகிற சொல்

'ரன்' என்றால் ஓடு. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காரர்களோ அந்த வினைச்சொல்லுக்கு 645 பொருள் கண்டிருப்பதாக 2011-ல் செய்தி வந்தது. பீட்டர் கில்லிவர் என்பவர் அதற்காக ஒன்பது மாதம் உட்கார்ந்தாராம். பாவம்!

ஆங்கிலத்தில் குழாய் ஓடும், மூக்கு ஓடும், தேர்தலில் வேட்பாளர் ஓடுவார். கடையைக்கூட முதலாளி ஓட வைப்பார். நாம் கடையை 'நடத்துகிறோம்'. அவர்கள் ஓடுகிற இடத்தில் நமக்கு நடை போதும். சினிமாப் படம் மட்டும் இரண்டு பாஷையிலும் ஓடுகிறது.

பொருளெல்லாம் பக்கத்துச் சொல் கொடுப்பது. அகராதி கணக்கு எழுதுகிறது. இது தெரியாமல் மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். என் மேலும்தான். என் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் கதாநாயகி 'குளியலை ஓட்டுகிறாள்'. அந்தப் பெண் பாவம், தொட்டியில் தண்ணீர் பிடித்தாள்.